பழைய மாணவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவரும் அதிபருமான ஐயா அவர்களே, உப தலைவர்களே, பொருளாளர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டத் தொடக்கத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களோடு இன்னொருவரையும் அப்போது நினைத்துக்கொண்டேன். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயா 2025 ஜனவரியில் காலமானார். நம் பாடசாலைக்கு அவர் வந்ததில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்க வந்த தம்பி அவருடைய மாணவர்களிடம் பழகியவர். அந்த வழியில் நாமும் கடன்பட்டவர்கள்தான்.

நிர்வாகக் குழு மாதாந்தம் கூடியது. கூட்டக் குறிப்புகள் மேசையில் உள்ளன. தண்ணீர்த் தாங்கி திருத்தம், வாசிகசாலைக் கூரை, பரிசளிப்பு விழா பற்றிப் பொருளாளர் தன் கணக்கோடு சொல்லுவார். நான் என் நேரத்தை ஒரே விடயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் நாம் நடத்திய கலை, விளையாட்டு விருப்ப வகுப்புகள்தான் அது.

ஏன் தொடங்கினோம் என்று சில பெற்றோர் இன்னும் கேட்கிறார்கள். தரம் 6இலிருந்து அழகியல் கட்டாய பாடம். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்றைப் பிள்ளை தெரிவு செய்யலாம் என்பது பாடத்திட்டம். சின்னப் பாடசாலைகளில் நடப்பது வேறு. எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடமே எல்லாப் பிள்ளைகளுக்கும். ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் பாடமும் மாறும். இவ்வாண்டு நம்மிடமே அது நடந்தது. மூன்று வருடம் சித்திரம் படித்த பிள்ளைகள் தரம் 9இல் இரண்டாம் தவணையோடு சங்கீத வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு, அழகியல் பாடங்கள் உள்ள இரண்டாம் தொகுதியில் பாடம் தெரிவு செய்யும்போது அவர்கள் எதை எடுப்பார்கள்? அழகியல் பாடத்துக்குச் செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஒரு வருடத்தில் சுருதி சேர்த்துப் பாடிவிட முடியாது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்தபோது நான் தரம் 7. போன இடத்துப் பாடசாலையில் இரண்டாம் நேர வகுப்பு, மரத்தடியில் வாங்கு. சித்திரக் கொப்பியோடு போன என்னை, ஆசிரியர் இல்லை என்று நடன வகுப்பில் விட்டார்கள். அந்தக் காலத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 30 வருடம் கழிந்த பிறகும், ஷெல் விழாத காலத்திலும், ஒரு பிள்ளை தனக்குப் பிடித்ததைப் படிக்க முடியவில்லை என்றால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனம் ஒப்பவில்லை. நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் தவணையில் இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் (ஓட்டம், பாய்தல், எறிதல்) போட்டி முடிந்த கையோடு வகுப்புகளைத் தொடங்கினோம். முதல் மூன்று வாரம் எல்லாப் பிள்ளைகளும் எல்லா வகுப்புக்கும் போனார்கள். அதன்பிறகுதான் தெரிவு. துண்டைப் பிள்ளையே எழுத வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றோம். இதற்குச் சில அம்மாமார் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் பெண்பிள்ளைகள் நடனம், ஆண்பிள்ளைகள் ஓட்டம் என்றே எழுதியிருப்பார்கள். இப்போது மிருதங்கத்தில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள்.

சித்திர வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் "ஊரை வரையுங்கள்" என்று சொன்னபோது அநேகமாக எல்லாத் தாளிலும் இரண்டு மலை, நடுவில் உதிக்கும் சூரியன். யாழ்ப்பாணத்தில் எங்கே மலை? ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வகுப்பைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தார். துலா, பனை அடிமரத்தின் கறுப்பு, செம்மண், கிடுகு வேலி. ஒரே பனையை ஐந்து வாரம் வரைந்தார்கள். பிள்ளைகளுக்கு அலுக்கும் என்று நாங்கள் நினைத்தோம், அலுக்கவில்லை. அதிபரின் அலுவலகத்தில் தொங்கும் மூன்று படங்களும் அந்தக் கிணற்றடியில் வந்தவை. போகும்போது கட்டாயம் பாருங்கள்.

இசையில் வாய்ப்பாட்டை நம் பாடசாலை ஆசிரியையே பின்னேரமும் எடுத்தார், ஒரு சதம் வாங்காமல். மிருதங்கத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். 4 மிருதங்கம், 11 பிள்ளைகள். மற்றவர்கள் மேசையில் தட்டி, 'த தி தொம் நம்' என்று வாயால் சொல்லிப் பழகினார்கள். அது குறைதான், ஆனால் சொற்கட்டு நாக்கில் ஏறியபின் கைக்கு வருவது சுலபம் என்று ஆசிரியர் சொன்னார். பிறகு அது உண்மை என்று கண்டோம். வட இலங்கைச் சங்கீத சபையின் முதலாம் தரப் பரீட்சைக்கு விரும்பிய பிள்ளைகள் மட்டும் விண்ணப்பித்தார்கள். 1931இல் தொடங்கிய சபை அது. தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரம் தேறினால் 'கலாவித்தகர்' பட்டம் கிடைக்கும் என்பதால் நம் ஊரில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் வகுப்பில் சேர்ந்த அன்றே "சான்றிதழ் வருமா?" என்று கேட்கும் பெற்றோரிடம் என் வேண்டுகோள், ஒரு வருடமாவது பிள்ளையைச் சும்மா வாசிக்க விடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சில பிள்ளைகள் தவில் பழகக் கேட்டார்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தி இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்தவர். சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். உலகம் கேட்ட வாசிப்பு நம் பக்கத்து ஊரில் இருந்திருக்கிறது. ஆனால் தவில் பேச்சை எடுத்ததும் "அது அவர்களுடைய குலத்தொழில், எங்கள் பிள்ளைக்கு ஏன்?" என்ற கதை வந்தது. அந்தக் கதைக்கு இந்தச் சங்கத்தில் இடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பின்னேரம் தவில் கலைஞர் ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்தோம். பிள்ளைகள் அசையாமல் இருந்து கேட்டார்கள். வரும் ஆண்டில் வகுப்பாகவே நடத்த வேண்டும்.

கூத்து நாங்கள் எதிர்பாராத வெற்றி. நாடகம் பழக்கிய தம்பியே கூத்துப் பழக்கும் ஊர் அண்ணாவியாரைக் கூட்டிவந்தார். காத்தவராயன் சிந்துநடைக் கூத்தில் ஒரு வசதி இருக்கிறது. காத்தான் ஒருவன், நடிப்பவர் பலர். ஆதிக் காத்தான், நடுக் காத்தான், பின் காத்தான் என்று பருவத்துக்கு ஒருவர் வருவார். அதனால் முக்கிய பாத்திரம் யாருக்கு என்ற சண்டையே எழவில்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஒன்று ஆதிக் காத்தானாக வந்து பாடியதைக் கேட்டு அவனுடைய அம்மம்மா அழுதுவிட்டார். ஆர்மோனியம் இரவல்தான், யாரிடமாவது பழையது இருந்தால் தந்துதவுங்கள்.

மெய்வல்லுநர் வகுப்புக்குத்தான் அதிகம் பிள்ளைகள் வந்தார்கள், பிழைகளும் அங்கேதான் அதிகம். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பொறுப்பெடுத்தார். மணல் குழியில் மல்லாந்து விழப் பழக்குவது ஆபத்து என்று உயரம் பாய்தலில், கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக் கடக்கும் கத்தரிப் பாய்ச்சலை மட்டும் பழக்கினார். பிளாஸ்ரிக் குழாயில் தடைகள் செய்தார், இடித்தால் விழுமே தவிர காலைக் கிழிக்காது. வகுப்பறைச் சுவரில் 2.03 மீற்றர் உயரத்தில் ஒரு கோடு போட்டார். 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரம் அது. இலங்கைக்கு ஆசியப் போட்டியில் கிடைத்த முதல் தங்கம். கை நீட்டியும் அந்தக் கோட்டைத் தொட முடியாத பிள்ளைகள் தினமும் அதற்குக் கீழே நின்று எம்பிப் பார்க்கிறார்கள்.

அப்புறம் கோலூன்றிப் பாய்தலுக்கு வந்த கோலின் விடயம். பக்கத்துத் தெல்லிப்பழையில் மகாஜனாக் கல்லூரி இருக்கிறது. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரன் அங்கே படித்தவர். நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அன்போடு ஒரு கோல் வாங்கித் தந்தார். அந்தக் கோல்களில் நீளமும், எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு ஏற்றது என்பதும் எழுதியிருக்கும். வந்தது பாரம் கூடிய பெரியவர்களுக்கானது. 40 கிலோப் பிள்ளை ஊன்றினால் அது வளையாது. வளையாத கோல் பிள்ளையை மேலே தூக்காமல் ஓடிவந்த பக்கமே திருப்பித் தள்ளும். விழுவதற்கு மெத்தையும் நம்மிடம் இல்லை. தந்தவரில் ஒரு பிழையும் இல்லை. என்ன வேண்டும் என்று பயிற்றுநரிடம் கேட்டு அவருக்கு எழுதாதது செயலாளரான என் பிழை. அவருடைய சம்மதத்தோடு கோலைப் பெரிய பிள்ளைகள் உள்ள பாடசாலை ஒன்றுக்கு இரவல் கொடுத்திருக்கிறோம். இனிமேல் பயிற்றுநர் கையெழுத்து வைத்த பட்டியல் இல்லாமல் ஒரு பொருளும் கேட்பதில்லை என்று குழு தீர்மானித்துள்ளது.

இரண்டாம் தவணையில் தரம் 8, 9 பெண்பிள்ளைகள் மைதானத்துக்கு வருவது குறைந்தது. வெட்கம், வீட்டில் மறிக்கிறார்கள் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். கடைசியில் ஆசிரியை ஒருவர் பிள்ளைகளிடமே கேட்டார். உடுப்பு மாற்ற இடமில்லை. காலையிலிருந்து சீருடைக்கு உள்ளே விளையாட்டு உடுப்பையும் போட்டுக்கொண்டு அந்த வெக்கையில் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். பழைய களஞ்சிய அறைக்குக் கதவு, கொண்டி, ஒரு மின்குமிழ் போட்டோம். அநேகமாக எல்லோரும் திரும்பி வந்தார்கள். முதல் மாதமே கேட்டிருக்கலாம்.

ஓட விரும்பாத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு நேரம் எடுக்க, தூரம் அளக்க, அஞ்சலோட்டக் கோல் கைமாறும் எல்லையைப் பார்க்கப் பழக்கினோம். மணிக்கூட்டைப் பிடித்தபடி கண்ணிமைக்காமல் நிற்கும் தரம் 7 பிள்ளை ஒன்றை மைதானத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

தெரிவை மாற்றலாமா என்பதில் குழுவுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒரு பிள்ளை சித்திரத்திலிருந்து மெய்வல்லுநர் வகுப்பின் குண்டு போடுதலுக்கு மாறக் கேட்டது. எழுதினால் எழுதியதுதான் என்றனர் சிலர். நான் மறுத்தேன். 12 வயதில் பிழையாகத் தெரிவு செய்யவும் இடம் வேண்டும். தவணை முடிவில் ஒரு முறை மாறலாம் என்று முடிவானது.

நமக்கு உண்மையான தடை ரியூசன்தான். 2 மணிக்கு நம் வகுப்பு, 3 மணிக்கு ரியூசன் என்று பாதியில் சைக்கிளை எடுக்கும் பிள்ளைகளை மறிக்க எங்களுக்கு உரிமை இல்லை. பெற்றோரிடம்தான் கேட்கிறேன். வாரத்தில் இரண்டு பின்னேரத்தை விட்டுத்தாருங்கள். வகுப்புக்கு முன் கடலையும் தேநீரும் கொடுக்கிறோம், பிள்ளை பசியோடு இருக்காது.

நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பாடசாலைகள் மூடப்பட்டதால் டிசெம்பரில் வைக்கவிருந்த கண்காட்சியும் கூத்தும் ஜனவரிக்குப் போயின. நனைந்த சித்திரங்களை ஆசிரியை வீட்டு விறாந்தையில் கயிறு கட்டிக் காயவைத்துக் காப்பாற்றினார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு உறவுகள் வளைவு, மண்டபம், சிலை என்றால் கெதியாகத் தருகிறார்கள். நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம். ஆனால் இப்போது நமக்குத் தேவை ஆட்களுக்கான கொடுப்பனவு. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கி, 1975இலிருந்து யாழ். பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து வெளியேறியவர்கள் பலர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தால் நடனமும் சித்திரமும் ஆண்டு முழுவதும் தடையின்றி நடக்கும். நடனத்துக்கு மட்டும் இவ்வாண்டு ஆள் கிடைக்கவில்லை. துண்டில் நடனம் என்று எழுதிய 6 பிள்ளைகளையும் வேறு வகுப்பில்தான் சேர்க்க வேண்டி வந்தது. எனக்கு நேர்ந்ததை நாங்களே அவர்களுக்குச் செய்திருக்கிறோம். அந்த 6 துண்டுகளும் என் கோப்பில் இருக்கின்றன. மே மாதத்துக்குள் நடன ஆசிரியர் ஒருவரை ஒழுங்கு செய்வது புதிய குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவரை வேண்டிக்கொண்டு, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
பழைய மாணவர் சங்கம்