தொப்பூர் இறக்கம்

தருமபுரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிரேக் கருகுகிற வாடை வந்தாலே கை நடுங்குகிறது, எனக்கு என்னமோ ஆகிவிட்டதாப்பா என்று நேற்று கேட்டாய். போனில் விளக்கினால் வாத்தியார் பாடம் எடுக்கிறார் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்றும் ஆகவில்லை. பொங்கல் முடிந்து நீ கோவைக்குத் திரும்பிய அன்று, தொப்பூர் இறக்கத்தில் உங்கள் பஸ் லாரியில் மோதியதுமே உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டியிருக்கும். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, ஆழத்தில், அமிக்டலா என்று மூளையின் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் முதலில் விழித்துக்கொள்வது அதுதான். பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகேம்பஸ் நடந்ததை நினைவாகப் பதிகிறது. அமிக்டலா உசுப்பிவிட்டால் அந்தப் பதிவு அழுத்தமாக விழும். வாசனையோ மற்ற புலன்களைப் போலச் சுற்றிவராமல் மூக்கிலிருந்து கிட்டத்தட்ட நேராகவே அமிக்டலாவுக்குப் போய்விடுகிறது. நீ யோசிப்பதற்குள் கை நடுங்குவது அதனால்தான்.

லாரியின் பின்னால் இருந்த சிவப்பு எழுத்துகூட நினைவிருக்கிறது, தண்ணீர் கொடுத்தது யாரென்று தெரியவில்லை என்றாய். அதுவும் சகஜம்தான். பயத்தில் கவனமெல்லாம் ஆபத்தின் மேலேயே போய்விடும், ஓரத்தில் நடப்பது சரியாகப் பதியாது.

ஜெனீவாவில் கிளாபரேட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்குப் புதிதாக எதுவுமே நினைவில் தங்காது. அவரையே ஒவ்வொரு முறையும் யாரென்று கேட்பார். ஒருநாள் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தார். (கொடுமைதான். இன்றைக்குச் செய்திருந்தால் வேலை போயிருக்கும்.) அப்புறம் அவர் கை நீட்டியபோது அந்தப் பெண் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குத்தியது நினைவில்லை, ஏன் இழுத்தோம் என்றும் சொல்லத் தெரியவில்லை. 1911-ல் கிளாபரேட் இதை எழுதினார். நடந்ததைச் சொல்கிற நினைவு வேறு, பயம் தங்குகிற இடம் வேறு. அதனால்தான் 'முடிந்துபோன விஷயம், விடு' என்று அம்மா எத்தனை தடவை சொன்னாலும் உன் கைக்கு அது எட்டுவதில்லை.

அதே இறக்கத்தில் ஒன்றும் ஆகாமல் இறங்கினால், இங்கே ஆபத்தில்லை என்று புதிதாக ஒன்று பதியும். பழையது அழியாது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அதை அடக்கிவைக்கும், அவ்வளவுதான். எப்போதாவது திரும்பத் தலைதூக்கினால் மனசு விட்டுவிடாதே. அந்தப் பக்கமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டே இருந்தால் அமிக்டலாவுக்குப் புதிதாகக் கற்க வழியே இல்லை.

ஆயா உனக்காக மந்திரித்த கயிறு வாங்கி வைத்திருக்கிறது. கட்டிக்கொள், ஆயாவுக்காவது தூக்கம் வரட்டும். கெட்ட கனவு இன்னும் வருகிறது என்றால் மனநல டாக்டரைப் பார். மாதக்கணக்கில் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதே.

ஆடிப் பதினெட்டுக்கு ரயிலிலேயே வா. திரும்பும்போது பகல் பஸ்ஸில் சேலம் வரைக்கும் நானும் கூட வருகிறேன். வேண்டாம் என்று தோன்றினால் அன்று காலையில் சொன்னாலும் சரி, ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்.

இப்படிக்கு,
அப்பா