பக்கத்துக் கல்லூரியிலிருந்து கோச் வரும்போது

கூடைப்பந்து அணியில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு,

வணக்கம்.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்குகின்றன. இந்த ஆண்டும் அருகிலுள்ள கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் தங்கள் அணிக்கு ஆள் தேடி நம் ஜிம்முக்கு வருவார்கள். பொதுவான விவரங்களோடு ஆங்கிலச் சுற்றறிக்கை உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். நம் பள்ளியின் தமிழ்ப் பெற்றோர் என்னை நேரில் பார்க்கும்போது கேட்கிற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சின்னக் காலேஜ் கோச்தான் சார் பேசினார். பெரிய இடத்திலேர்ந்து யாராவது வருவாங்களான்னு காத்திருந்து பார்க்கலாமா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காத்திருப்பதில் தவறில்லை, ஆனால் பக்கத்துக் கல்லூரியின் அழைப்பைத் தட்டிக்கழித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் ஆட்டத்தை மூன்று நான்கு முறை வந்து பார்த்து, எங்கே தடுமாறுகிறான், எதில் தேறியிருக்கிறான் என்று தெரிந்து வைத்திருப்பவர் அந்தக் கோச்தான். தொலைவிலிருப்பவர் பெரும்பாலும் சில நிமிட வீடியோவைத்தான் பார்த்திருப்பார்.

ஸ்டெஃபன் கர்ரியை உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அவர் வளர்ந்தது வட கரோலினாவின் ஷார்லட் நகரில். தந்தை டெல் கர்ரி அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் பல ஆண்டுகள் ஆடியவர். அப்படியிருந்தும், ஒல்லியான பையன், உயரம் போதாது என்று பெரிய கல்லூரிகள் மகனைக் கண்டுகொள்ளவில்லை. தந்தை ஆடிய வர்ஜீனியா டெக் கூட, உதவித்தொகை இல்லாமல் வேண்டுமானால் வரலாம் என்றுதான் சொன்னது. ஷார்லட்டுக்குச் சற்று வடக்கே, மொத்தம் 2,000 மாணவர்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரியின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் கர்ரியைச் சிறுவனாகவே அறிந்தவர். அவர்தான் அழைத்தார். 2008ஆம் ஆண்டு தேசியக் கல்லூரிப் போட்டியில் டேவிட்சன் அணி கான்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் மூன்றையும் வென்று கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது. அதன் பிறகு கான்சஸிடம் தோற்றது இரண்டே புள்ளிகளில். அடுத்த ஆண்டு என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கர்ரி ஏழாவதாக எடுக்கப்பட்டார்.

எல்லாப் பிள்ளையும் கர்ரி ஆகிவிடும் என்று சொல்ல இதை எழுதவில்லை. உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் பையன்களில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று பிரிவுகளில் ஏதாவது ஒன்றில் இடம் கிடைப்பது 100க்கு மூன்று நான்கு பேருக்கு. முதல் பிரிவில் கிடைப்பது ஏறக்குறைய ஒருவருக்கு. பெண்களுக்கு வாய்ப்பு சற்றே கூடுதல். அண்மைக் காலத்தில் பள்ளியிலிருந்து நேரே போகிறவர்களுக்கு முதல் பிரிவின் கதவு இன்னும் குறுகிவிட்டது. 2018இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பதிவேட்டின் வழியாகக் கல்லூரி வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறுகிறார்கள். மாறினால் ஒரு வருடம் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய விதியும் போய்விட்டது. 18 வயதுப் பையனை வளர்த்தெடுப்பதைவிட, ஏற்கெனவே மூன்று ஆண்டு கல்லூரியில் ஆடிய 22 வயதுக்காரரை எடுப்பது முதல் பிரிவுக் கோச்சுக்குச் சுலபம். அவர்மீது வருத்தப்பட்டுப் பயனில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் இடங்கள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறொரு விளையாட்டு அமைப்பின் கல்லூரிகளும், ஈராண்டு சமுதாயக் கல்லூரிகளும்தான்.

பண விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். "ஸ்காலர்ஷிப்" என்று கோச் சொன்னதுமே முழுச் செலவும் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு அதிகபட்சம் 10 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகை. அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கே கிடைப்பது மதிப்பெண்ணுக்கும் குடும்பத்தின் தேவைக்கும் தரும் உதவி. நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளைக்கு அது சில நேரம் இரண்டாம் பிரிவின் துண்டுத் தொகையைவிட அதிகமாகவே வரும். எனவே பிரிவின் எண்ணைப் பார்க்காதீர்கள். எல்லாம் கழித்து நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் குடும்பங்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவி அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவி கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். கோச்சுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தை நீங்களே முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் அடிபடுவது பிள்ளையின் மனசு.

படிப்பைப் பற்றி நம் வீடுகளில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பிரிவுக்கு என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட 16 பாடங்கள் வேண்டும், அவற்றில் மதிப்பெண் சராசரி (மொத்தம் 4க்கு) 2.3க்குக் குறையக் கூடாது. அந்த 16இல் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 2.3 என்பது உள்ளே நுழைய அனுமதி மட்டுமே. பக்கத்திலிருக்கும் நல்ல மூன்றாம் பிரிவுக் கல்லூரியின் கோச் என் அலுவலகத்துக்கு வந்தால், ஆட்டப் புள்ளிவிவரத்துக்கு முன்பு மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டைத்தான் கேட்கிறார்.

பதில் வராத மின்னஞ்சலுக்காகப் பையன்கள் சோர்ந்துபோவதையும் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன் முதல் பிரிவுப் பயிற்சியாளர் அவர்களுக்குப் பதில் எழுதவே விதி இடம் தராது. மூன்றாம் பிரிவுக்கு அப்படித் தடை இல்லை. அங்கிருந்து முதலில் அழைப்பு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வருகிற கோச் எதைப் பார்க்கிறார்? ஜிம்மின் மேல் வரிசையில், பெற்றோர் கூட்டத்திலிருந்து தள்ளி உட்காருவார். பந்து எங்கே போனாலும் அவர் கண் ஒரே பிள்ளைமீது இருக்கும். எறிந்தது கூடைக்குள் போகவில்லை என்றால் தலையில் கைவைத்து நிற்கிறானா, உடனே திரும்பித் தற்காப்புக்கு ஓடுகிறானா? வெளியே கூப்பிட்டால் பெஞ்சின் கடைசியில் போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறானா, அடுத்தவனுக்குத் தண்ணீரை நீட்டுகிறானா? எதிரியை முதுகால் அடைத்து ரீபவுண்டுக்கு, அதாவது கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, இடம் பிடிக்கிறானா? இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுவார். நம்மையும் பார்ப்பார். நடுவரை நோக்கிக் கத்தும் அப்பா, ஆட்டம் முடிந்ததும் பிள்ளை ஆடிய நிமிடக் கணக்கை நம் கோச்சிடம் கேட்கும் அம்மா, இரண்டுமே அந்தக் குறிப்பேட்டில் ஏறும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பதினோராம் வகுப்பு வந்ததும் "படிப்பைப் பார்க்கட்டும்" என்று அணியிலிருந்து நிறுத்திவிடுகிறீர்கள். நிறுத்துவது பெரும்பாலும் மகளைத்தான். மகனை அப்படி நிறுத்திப் பார்த்ததில்லை. கல்லூரிகளில் பெண்களுக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் சொல்கிறது. கோச்கள் சரியாக அந்தப் பதினோராம் வகுப்பில்தான் தேடி வருகிறார்கள். தயவுசெய்து முடிவெடுக்கும் முன் என்னிடம் ஒருமுறை பேசுங்கள்.

வாய்மொழியாக இடம் தருகிறேன் என்று சொல்வது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. வீரரும் கல்லூரியும் கையெழுத்திட்டுக் கொண்ட, 2024 வரை இருந்த தேசிய ஒப்புதல் கடிதமும் இப்போது இல்லை; கல்லூரியின் எழுத்துபூர்வ உதவித்தொகை ஒப்பந்தம்தான் செல்லும். அது கைக்கு வரும்வரை மற்றக் கல்லூரிகளுக்கான விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு "கோச்களிடம் அறிமுகப்படுத்துகிறோம்" என்பவர்களிடம் போக வேண்டாம். முழு ஆட்டத்தின் வீடியோவும் இரண்டு மூன்று நிமிடத் தொகுப்பும் நம் பயிற்சியாளரே கட்டணமின்றித் தருவார். மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும், பெற்றோர் எழுதித் தர வேண்டாம்.

உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தக் கோச்சுக்கும் டிரான்ஸ்கிரிப்டைத் தரமாட்டோம். ஒப்புதல் படிவம் கவுன்சிலர் அலுவலகத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள வீரர், வீராங்கனைகளின் பெற்றோர் முதல் ஆட்டத்துக்கு முன் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் பாடத் தேர்வு சரியாக இருக்கிறதா என்று கவுன்சிலரைப் பார்த்து உறுதி செய்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்