சீக்கிரமாகப் பூ உலர்த்த

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கு வருகிறவர்களுக்கு உன் கையால் பூ ஒட்டின அட்டை கொடுக்கப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். புத்தகத்துக்குள் வைத்தால் மூன்று வாரம் ஆகுமே என்று கவலைப்பட்டிருக்கிறாய், அது வேண்டாம், இஸ்திரிப் பெட்டி இருக்கிறதே! சொல்லப்போனால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வேகமாகக் காயவைப்பதுதான் நல்லது. ஈரம் தங்கத் தங்கப் பூ பழுப்பேறும், பூஞ்சை பிடிக்கும்.

வெயில் வந்து பனி ஈரம் போனதும் பறி. இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் இதழ்கள் மடங்காமல் விரித்து (செய்தித்தாள் வேண்டாம், சூட்டில் மை ஒட்டும்) கனமான புத்தகத்தை ஒரு மணி நேரம் ஏற்றி வை. அப்புறம் பெட்டியில் தண்ணீர் இல்லாமல், இருப்பதிலேயே குறைந்த சூட்டில், துணி தேய்ப்பதுபோல இழுக்காமல், பத்துப் பதினைந்து விநாடி அப்படியே அழுத்தி எடு, ஆறவிடு, மறுபடி அழுத்து, தாள் ஈரமானால் மாற்று. காய்ந்துவிட்டதா என்று தெரிய, ஆறின பூவைக் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

எந்தப் பூ என்பதில்தான் பாதி வேலை. காகிதப்பூவைப் போல சுலபமானது வேறில்லை. நாம் பூ என்று பார்க்கும் அந்த ரோஸ் நிறம் முழுக்க இலைதான், நடுவில் குழல் மாதிரி நிற்கிறதே சின்னதாக, அதுதான் பூ. இலை மெல்லிசு என்பதால் சட்டென்று காயும். சங்குப்பூவும் நன்றாக வரும். மல்லிகை வேண்டவே வேண்டாம், எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும் பழுப்பாகிவிடும். செம்பருத்தியின் வழவழப்பு தாளோடு ஒட்டிக்கொள்ளும். ரோஜா, சாமந்தி என்றால் இதழ் இதழாகப் பிரித்து வை.

ஒட்டும்போது பல்குச்சி நுனியில் ஃபெவிகால் தொட்டு நடுவில் மட்டும் வை, நிறைய வைத்தால் ஈரம் திரும்ப ஏறும். வாங்கிப் போகிறவர்களிடம் வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று கட்டாயம் சொல். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற மெட்ராஸ் ஹெர்பேரியம் என்கிற உலர்செடிக் காப்பகத்தில் 19ஆம் நூற்றாண்டில் அழுத்திய செடிகள்கூட இன்னும் இருக்கின்றன, அங்கேயும் தாளில் ஒட்டி அலமாரிக்குள்தான் வைக்கிறார்கள்.

எங்கள் காம்பவுண்டு முழுக்கக் காகிதப்பூதான், மூன்று நிறம். வேண்டுமென்றால் அழுத்தியே அனுப்புகிறேன். குழந்தைக்கு என்ன பெயர் என்று எழுதவே இல்லையே நீ?

அன்புடன்,
கமலா