உளோம் போகீர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மா போனதிலிருந்து விளக்கேற்றும்போதெல்லாம் "இருக்கிறாயா, இல்லையா?" என்றுதான் வாயில் வருகிறது, இது பாவமா என்று கேட்டிருந்தாய். ஆறு மாதம் அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நீ. கேட்காமல் எப்படி இருப்பாய்?

போன ஞாயிறு திருவள்ளூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பூண்டி ஊன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். தேவாரத்தில் வரும் திருவெண்பாக்கம் இதுதான். 1944-இல் கட்டிய நீர்த்தேக்கத்துக்குள் பழைய இடம் போய்விட்டதால் கோயிலை இங்கே மாற்றிவிட்டார்கள்.

"உன்னைப் பிரியேன்" என்று மனைவி சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், தட்டுத் தடுமாறி வந்து நின்ற ஊர். நீ கேட்டதைத்தான் அவரும் கேட்டார்: "கோயில் உளாயோ?" உள்ளிருந்து வந்த பதில்: "உளோம் போகீர்."

இருக்கிறோம், போய் வாரும். அவ்வளவுதான். கண் வரவில்லை, கைக்கு ஒரு ஊன்றுகோல் வந்தது. அதை அவர் கோபத்தில் வீசியெறிய, பட்டு ஒடிந்தது என்று நந்தியின் கொம்பைக் காட்டுகிறார்கள். அந்த ஒடிந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. அப்புறம் திருவாரூரில் போய், அடியார் துன்பத்தைச் சொன்னால் சும்மா இருப்பீர், "வாழ்ந்து போதீரே", நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும், என்று நேருக்கு நேர் வைதார். அந்த வசவு ஏழாம் திருமுறையில் இருக்கிறது. சாமி முன்னாலேயே ஓதுவார்கள் அதைப் பாடுகிறார்கள். எனக்கு இது பெரிய ஆறுதலடா.

என் மகன் பெரியவனுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் அவன் செயல் என்று திருநீறு பூசிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வருஷம்தான் சாமி எனக்கு யாரோ ஆகிப்போனது. இப்போது சண்டை போடுகிறேன். பதில் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் போகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பெரியவன் இப்போது நன்றாக இருக்கிறான்.

திதிக்கு முன்னால் ஒரு நாள் கிளம்பி வா, பூண்டிக்குப் போவோம். உள்ளே நின்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு வா. எவ்வளவு நேரமானாலும் ஏரிக்கரையில் காத்திருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்