பெயர் கேட்கத் தவறிய அக்காவுக்கு

குடும்ப மருத்துவராக நான் நடத்திய முதல் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் அது. மதியம் வரை ஒருவரும் உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் பெண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

புல்லுக்கட்டோடு போன நீங்கள்தான் நின்று கேட்டீர்கள்: "என்ன செய்வீர்கள், டாக்டரம்மா?"

வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்த்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்போம், கோளாறு இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும் என்றேன்.

"அவ்வளவுதானா?" கட்டை இறக்கிவிட்டு வந்தீர்கள். திரும்பிப் போகும்போது மரத்தடியைப் பார்த்து, "வலிக்கவில்லை, வாருங்கள்!" என்று ஒரு குரல். நான் அச்சடித்த துண்டறிக்கைகளால் ஆகாதது அது.

திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் இதே முறையில் பரிசோதித்த ஆய்வு 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைவு. இந்த எண்ணை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்கிறேன். பெண்களை உள்ளே வரவழைப்பது எப்படி என்று கேட்டால், உங்கள் கதையைத்தான் சொல்கிறேன்.

வெளியே வைத்த புல்லை யாரோ ஒருவரின் மாடு தின்றுவிட்டதாம். செவிலியர் பிறகு சொன்னார். அதற்கும் சேர்த்து நன்றி, அக்கா.