அலுமாரியைத் திறந்துவிடுங்கள்: எங்கள் வலயக் கல்வி அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

எங்கள் பாடசாலைத் தொலைநோக்கியின் கதை உங்களுக்குத் தெரியும். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்பியது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் அனுமதி கேட்டு வந்த பிள்ளைகளை, "செவ்வாயில் தண்ணீர் இருந்தால் உங்களுக்கென்ன? கடந்தகால வினாத்தாளைச் செய்யுங்கள்" என்று திருப்பி அனுப்பினீர்கள்.

கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குள் இறங்கும் இடத்தில் வண்டல் படிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தின் படத்தைக் காட்டியபோது, தரம் 9 மாணவி ஒருத்தி விசிறியாக விரிந்த மண்மேட்டில் விரலை வைத்து, "ஆறு குளத்தில் விழுந்த இடம் இதுதான்" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரி இருந்தது என்பதற்கு விஞ்ஞானிகள் காட்டும் முதற் சான்றும் அந்த விசிறிதான். அதை நம்பியே 2021 பெப்ரவரியில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஆய்வு ஊர்தியை அங்கே இறக்கினார்கள்.

2024இல் அந்த ஊர்தி, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் புள்ளி விழுந்த சேற்றுப்பாறை ஒன்றைக் கண்டது. புள்ளிகளின் விளிம்பில் இரும்புப் பொசுபேற்று, நடுவில் இரும்புச் சல்பைட்டு. புவியின் சேற்றில் இவற்றை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு, உயிரில்லாமலும் உண்டாகலாம். அதனால்தான் அங்கே உயிர் இருந்தது என்று விஞ்ஞானிகள் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சான்றை நிறுத்துப் பார்க்கும் இந்த நிதானத்தை எந்த வினாத்தாள் கற்றுத் தரும்?

விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படவில்லை. சித்திர ஆசிரியைதான் அந்தப் பாடத்தையும் இழுத்துக்கொண்டு போகிறார். ஆய்வுகூடக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு, கையிலிருக்கும் ஒரேயொரு கருவியையும் மறுப்பது எந்த நியாயம்? நகரத்துப் பாடசாலைகளுக்குக் கிடைக்காத இருண்ட வானம் எங்கள் குளக்கட்டின் மேல் இருக்கிறது. அதைப் பார்க்கவும் கையொப்பம் வேண்டுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அலுமாரியைத் திறக்க எழுத்தில் அனுமதி தாருங்கள். இன்னுமொரு மாரி உள்ளேயே கிடந்தால் வில்லையில் பூஞ்சணம் பிடித்துவிடும். 2027 பெப்ரவரி 19 அன்று செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே வந்து இரவு முழுவதும் தெரியும். அதற்கு முன் பிள்ளைகள் கருவியைக் கையாளப் பழக வேண்டும். பெற்றோர் கூட இருப்போம். கருவிக்குப் பொறுப்பும் நாங்களே எழுதித் தருகிறோம். தயவுசெய்து இந்தத் தவணை முடிவதற்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பாடசாலைப் பெற்றோரில் ஒருவர்
வன்னி