முழுக்கைச் சட்டை

ஏட்டி செல்லம்,

சொகமா இருக்கியா? இங்க கார் நடவு முடிஞ்சிட்டு. ஆத்துல தண்ணி நல்லா போவுது.

நீ அனுப்பின போட்டோவ அப்பா கடைத்தெரு பூரா காட்டிட்டாவ. எம்மவ மேனேஜர் ஆயிட்டான்னு ஒரு ஆள விடல. எனக்கும் பெருமதான். ஆனா நான் அத பெருசாக்கி பெருசாக்கிப் பாத்தேன். முழுக்கைச் சட்ட போட்டிருக்க. வெயில் படக்கூடாதுன்னு போட்டிருந்தா நல்லது. கண்ணு இமை கத்தரிப்பூ நெறமா தெரியுது. வெளிச்சம் அப்படின்னு அப்பா சொல்லுதாவ. வெரல்ல மோதிரத்தக் காணும். முடிய வேற வெட்டிருக்க. ஆசைக்கு வெட்டினியா, வாருததுக்கு கையத் தூக்க முடியலியா?

மாத்திரய வேளைக்குப் போடு. ஞாயித்துக்கெழம மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துல ஒரு நாளுதான், மறந்து மறுநாளும் போட்டுராத. ஸ்டீராய்ட நீயா நிறுத்தாத. டாக்டர் சொல்லித்தான் கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கணும்.

ஒரு மாசமா நீ போன்ல ரெண்டு வார்த்தக்கு மேல பேசல. பெத்தவகிட்ட அவ்வளவு வேலையாட்டி?

அன்னைக்கு உனக்கு கையும் காலும் தூணாட்டம் வீங்கினப்ப, நீர் கோத்திருக்குன்னு கொள்ளு ரசம் வச்சுக் குடுத்தவ நான். குடத்தத் தூக்க முடியலன்னு நீ சொன்னத சோம்பல்னு ஏசினேன். கிட்னியப் பாத்தாவ, இருதயத்தப் பாத்தாவ, எல்லாம் நல்லாருந்துது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில அந்த டாக்டரம்மாதான் உன் வெரல் முட்டியில செவப்பப் பாத்துட்டு, தச கெட்டிருக்கான்னு காட்டுத சிகே டெஸ்ட்ட ரத்தத்துல பாக்கச் சொன்னாவ. டெர்மடோமயோசிடிஸ்ங்குத இந்த நோயில கண்ணச் சுத்தி வீங்குதது உண்டாம், இப்படி கைகால் பூரா வீங்குதது அபூர்வமாம், வந்தா நோய் கடுமையா இருக்கலாமாம். தசைய நம்ம ஒடம்பே தாக்குதுன்னு பொறுமையா சொன்னாவ.

அம்புட்டும் கேட்டுட்டு வந்துதான், பொண்ணு பாக்க வாராவ, ஸ்டீராய்டால மூஞ்சி உருண்டையா இருக்குன்னு பத்து நாளு அந்த மாத்திரய நிறுத்தச் சொன்னேன். நீ குடிச்ச தண்ணி மூக்கு வழியா வந்துது. யாரு நிறுத்தச் சொன்னான்னு டாக்டரம்மா கேட்டப்ப, அவளேதான் நிறுத்திட்டான்னு சொன்னேன். நீ என் மொகத்தப் பாத்த. ஒண்ணும் சொல்லல. அப்பாவுக்கு இன்னவரைக்கும் தெரியாது. நாஞ் செஞ்சது தப்பு மக்களே.

காலைல அஞ்சு மணிக்கு அப்பா வயலுக்குப் போயிருவாவ. அப்ப போன் போடு.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் பார்சல்ல வருது. தொண்டையில எறங்க செரமமா இருந்தா அப்படியே கடிக்காத, ரசத்துல நல்லா ஊறவச்சுத் தின்னு.

அம்மா